தரவு மையத்தின் மின்கணக்கு



அறிவியல் செய்திகளைத் தமிழில், பொது அவையில் பேச வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவை ஏற்பாடு செய்த அறக்கட்டளையின் விருப்பம். அதற்கு ஏற்ற பொருளாகத் தரவு மையங்களின் மின்செலவை எடுத்துக்கொண்டேன். பொறியாளர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் நிலையை இந்த விஷயம் தாண்டிவிட்டது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் தரவு மையங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. 2021-இல் தமிழ்நாடு அரசு இதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. சென்னை, கடலடி வடங்கள் கரையேறும் ஊர். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ-டூ-ஐ வடம் 2002-லேயே வந்துவிட்டது. வடம் கரையேறும் இடத்துக்குத் தரவு மையம் வரும். தரவு மையம் வந்தால் துணை மின்நிலையம் வரும், தண்ணீர்த் தேவையும் வரும். ஆகவே இது ஊர்க் கணக்கு.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். தரவு மையம் என்ற கட்டடத்தின் மின்செலவைக் குறைக்கக் கற்றுக்கொண்டுவிட்டோம். அந்தக் கட்டடத்துக்குள் நடக்கும் வேலையின் மின்செலவைக் குறைப்பதில் இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறோம். ஊரெங்கும் பேசப்படும் அளவுகோல் முதலாவதை மட்டுமே காட்டுகிறது, இரண்டாவதைக் காட்டுவதில்லை.

1. எவ்வளவு செலவாகிறது?

பன்னாட்டு எரிசக்தி முகமையின் 2025-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2024-இல் உலகத் தரவு மையங்கள் சுமார் 41,500 கோடி யூனிட் மின்சாரம் செலவழித்தன. இது உலக மின்நுகர்வில் ஏறத்தாழ 1.5 சதவீதம். 2030-இல் இது 94,500 கோடி யூனிட் அளவுக்குப் போகும் என்பது அதே முகமையின் மதிப்பீடு.

உலகச் சராசரி சிறிதாகத் தெரியும். ஆனால் தரவு மையங்கள் உலகம் முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. சில ஊர்களில் குவிகின்றன. அமெரிக்காவில் 2023-இல் நாட்டின் மின்சாரத்தில் 4.4 சதவீதம் தரவு மையங்களுக்குப் போனது என்று லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் கணக்கிட்டிருக்கிறது. அயர்லாந்தின் நிலைமை இன்னும் கூர்மையானது. 2015-இல் அந்நாட்டு மின்நுகர்வில் 5 சதவீதமாக இருந்த தரவு மையங்களின் பங்கு 2023-இல் 21 சதவீதம் ஆனது. அந்த ஆண்டு அயர்லாந்தின் நகர்ப்புற வீடுகள் எல்லாம் சேர்ந்து செலவழித்ததைவிட இது அதிகம்.

இதோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எரிக் மசானெட்டும் ஜோனதன் கூமியும் சகாக்களும் 2020-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 2010 முதல் 2018 வரை உலகத் தரவு மையங்கள் செய்த கணிப்பு வேலை ஆறரை மடங்கு ஆனது. மின்செலவோ வெறும் 6 சதவீதம்தான் கூடியது என்று அவர்கள் காட்டினார்கள். அதாவது, வேலை பெருகினால் மின்செலவும் அதே விகிதத்தில் பெருகித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பொறியியல் மனம்வைத்தால் அந்தப் பிணைப்பை அறுக்க முடியும் என்பதற்கு அந்த எட்டு ஆண்டுகள் சாட்சி. எப்படி முடிந்தது, ஏன் இப்போது பிடி நழுவுகிறது என்று பார்ப்போம்.

2. கட்டடத்தின் பங்கு

சர்வருக்குள் போகும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏசி வேண்டும். மின்தடையைத் தாங்க யூபிஎஸ் வேண்டும். அதிலும் கொஞ்சம் இழப்பு. இப்படிக் கட்டடம் மொத்தமாக எடுக்கும் மின்சாரத்தை, கணினிக் கருவிகளுக்குப் போய்ச் சேரும் மின்சாரத்தால் வகுத்தால் கிடைப்பது பி.யூ.இ. என்ற எண். கிறிஸ்டியன் பெலாடியும் கிறிஸ்டோபர் மலோனும் 2006-இல் முன்வைத்தது. பின்னர் கிரீன் கிரிட் என்ற தொழில் கூட்டமைப்பு அதைப் பரப்பியது. இன்று அது பன்னாட்டுத் தர அளவீடு.

பி.யூ.இ. 2 என்றால், சர்வருக்கு ஒரு யூனிட் கொடுக்கக் கட்டடம் இன்னொரு யூனிட்டைச் சாப்பிடுகிறது என்று பொருள். 1 என்றால் கட்டடம் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அது எட்ட முடியாத இலக்கு. அப்டைம் இன்ஸ்டிடியூட் நடத்தும் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2007-இல் சராசரி 2.5 ஆக இருந்தது. இன்று 1.6-ஐ ஒட்டி நிற்கிறது. கூகுள் தன் பெரிய மையங்களில் 1.1 அளவைத் தொட்டுவிட்டது.

ஒரு மெகாவாட் சர்வர்களை ஆண்டு முழுவதும் ஓட்டினால் 87.6 லட்சம் யூனிட். பி.யூ.இ. 1.8-இலிருந்து 1.4-க்கு இறங்கினால் ஆண்டுக்கு 35 லட்சம் யூனிட் மிச்சம். இப்போது ஐம்பது, நூறு மெகாவாட் என்றுதான் வளாகங்கள் திட்டமிடப்படுகின்றன. கணக்கை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இந்த மிச்சம் பெரிய கண்டுபிடிப்புகளால் மட்டும் வந்ததல்ல. பெரும்பகுதி ஒழுங்கால் வந்தது. பழைய சர்வர் அறை ஒன்றுக்குள் நடந்து பாருங்கள். சர்வர்களை அடுக்கிவைக்கும் ரேக்கில் சர்வர் இல்லாத இடம் திறந்தே கிடக்கும். பின்பக்கத்துச் சூடான காற்று அந்த இடைவெளி வழியாக முன்பக்கம் வந்து, அடுத்த சர்வர் அதையே உறிஞ்சும். துளையிட்ட தரைப் பலகை, குளிர்ந்த காற்று தேவைப்படாத பாதையில் பதிந்திருக்கும். ஓர் ஏசி 'ஈரம் குறைவு' என்று நீராவியைச் சேர்த்துக்கொண்டிருக்கும். பத்தடி தள்ளி நிற்கும் இன்னொன்று 'ஈரம் அதிகம்' என்று அதே நீராவியைப் பிழிந்து வெளியேற்றிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் மீட்டர் ஓடும். உணரிகளில் இருக்கும் சிறு வேறுபாடுதான் காரணம். இடைவெளியை ஒரு பிளாஸ்டிக் தட்டால் அடைப்பது, சூடான பாதையையும் குளிர்ந்த பாதையையும் தடுப்புக் கட்டிப் பிரிப்பது, ஏசிகளை ஒரே கட்டுப்பாட்டில் இணைப்பது ஆகிய மூன்றும் சில மாதங்களில் முதலைத் திருப்பித் தரக்கூடிய வேலைகள்.

மின்விசிறிக் கணக்கு மாணவர்களுக்குப் பிடிக்கும். விசிறி எடுக்கும் மின்சாரம் அதன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. மூன்று விசிறிகளை முழு வேகத்தில் ஓட்டி, நான்காவதை உபரியாக நிறுத்திவைப்பது நம் வழக்கம். நான்கையும் முக்கால் வேகத்தில் ஓட்டினால் வரும் காற்று அதே அளவு. மின்சாரமோ மூன்று பங்குக்குப் பதில் 1.7 பங்குதான். உபரியாக நிற்பதை ஓடவிடுவதால் மின்செலவு குறையும் என்பதைப் பலரால் முதலில் நம்ப முடிவதில்லை.

3. வெப்ப மண்டலத்தின் கணக்கு

பின்லாந்தின் ஹமினாவில் கூகுள் ஒரு பழைய காகித ஆலையைத் தரவு மையமாக்கியது. ஆலைக்காகக் குடையப்பட்ட சுரங்கம் வழியாகப் பால்டிக் கடலின் குளிர்ந்த நீர் வந்து சர்வர்களின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகிறது. டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் மெட்டா நிறுவனத்தின் மையத்து வெப்பம் வீடுகளைச் சூடாக்குகிறது. இவை அருமையான ஏற்பாடுகள். ஆனால் மே மாதச் சென்னையில் நாற்பது டிகிரி வெந்நீரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை.

நாம் பார்க்க வேண்டிய ஊர் சிங்கப்பூர். நம்மைப் போலவே வெக்கையும் ஈரமும் உள்ள தீவு. நிலமும் மின்சாரமும் அளவோடுதான். 2020-இல் நாட்டின் மின்நுகர்வில் ஏறத்தாழ 7 சதவீதம் தரவு மையங்களுக்குப் போனது. அதற்கு முந்தைய ஆண்டே புதிய மையங்களுக்கான அனுமதியைச் சிங்கப்பூர் அரசு நிறுத்திவைத்துவிட்டது. 2022-இல் மீண்டும் கதவைத் திறந்தபோது, பி.யூ.இ. 1.3 அல்லது அதற்குக் கீழே என்று நிபந்தனை விதித்தது. 2023 ஜூனில் வெப்ப மண்டலத் தரவு மையங்களுக்கென்றே ஒரு தரநிலையை வெளியிட்டது. அதன் சாரம் எளிது: சர்வர் அறையை 26 டிகிரி அல்லது அதற்கு மேல் வைத்தே ஓட்டப் பழகுங்கள். ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 சதவீதம் மிச்சமாகும்.

இதில் புரட்சி எதுவும் இல்லை. சர்வருக்குள் போகும் காற்று 27 டிகிரி வரை இருக்கலாம் என்று அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே 2008-லேயே பரிந்துரைத்துவிட்டது. இருந்தும் பல மையங்கள் 22 டிகிரியிலும் அதற்குக் கீழும் ஓடுகின்றன. இடத்தை வாடகைக்கு எடுத்த வாடிக்கையாளர், ஒப்பந்தத்தில் பழைய எண்ணையே எழுதி வாங்கியிருப்பார். அவருடைய தணிக்கையாளர் அறைக்குள் வந்து நடுங்கினால்தான் திருப்திப்படுவார். சிங்கப்பூரின் தரநிலை உடைக்க முயன்றது இந்தப் பழக்கத்தைத்தான்.

4. தண்ணீரும் மின்சாரமும்

குளிரூட்டலில் மின்சாரத்தை மிச்சப்படுத்த எளிய வழி, தண்ணீரை ஆவியாக்குவது. கூலிங் டவர் செய்வது அதுதான். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு யூனிட் வெப்பத்தை ஆவியாதல் மூலம் மட்டும் வெளியேற்ற ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு மெகாவாட் சர்வருக்கு மணிக்கு 1,500 லிட்டர், நாளைக்கு 36,000 லிட்டர். சென்னைக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், 12,000 லிட்டர் லாரியில் மூன்று லாரி; அதுவும் ஒரே ஒரு மெகாவாட்டுக்கு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்ததைக் கண்ட நகரம் இது. பி.யூ.இ. எண்ணில் இந்தத் தண்ணீர் ஒரு சொட்டும் தெரியாது.

வழி இருக்கிறதா? இருக்கிறது. அது குளிர்ந்த நீரில் இல்லை, வெந்நீரில் இருக்கிறது. சர்வருக்குள் இருக்கும் சில்லு எழுபது, எண்பது டிகிரியிலும் தாங்கி ஓடும். சூடான சில்லைக் குளிர்விக்க அதைவிடச் சற்றுக் குறைந்த சூட்டில் உள்ள நீர் போதும். ஒரே கன அளவில் காற்றைவிட 3,000 மடங்குக்கும் அதிகமான வெப்பத்தை நீர் சுமக்கும். சில்லின் தலையிலேயே செம்புத் தகட்டைப் பொருத்தி அதற்குள் நீரை ஓடவிட்டால், நாற்பது டிகிரி நீரே வேலையை முடித்துவிடும். இது கற்பனை அல்ல. 2010-இல் சூரிச்சில் ஐபிஎம்மும் ஈ.டி.எச். பல்கலைக்கழகமும் அமைத்த அக்வாசர் கணினி 60 டிகிரி நீரால் குளிர்விக்கப்பட்டது. 2012-இல் ஜெர்மனியின் கார்ஹிங்கில் இயங்கத் தொடங்கிய சூப்பர்-மக் மீக்கணினியும் வெந்நீரால் குளிர்விக்கப்பட்டதே.

சென்னைக்கு இதன் பொருள் என்ன? வெளிக்காற்று 35 டிகிரி என்றாலும், 45 டிகிரியில் வரும் நீரை வெறும் ரேடியேட்டரும் விசிறியும் கொண்டே ஆறவைத்துவிடலாம். கம்ப்ரெசரும் வேண்டாம், ஆவியாக்கத் தண்ணீரும் வேண்டாம். கத்திரி வெயிலின் சில மணி நேரங்களுக்கு மட்டும் துணை ஏற்பாடு வேண்டியிருக்கும். செயற்கை நுண்ணறிவு வந்தபின் இது விருப்பம் என்ற நிலையைத் தாண்டிக் கட்டாயம் ஆகிவருகிறது. முன்பு ஒரு ரேக் ஐந்து முதல் பத்துக் கிலோவாட் எடுக்கும். என்விடியாவின் ஜி.பி. 200 வகை ரேக் ஒன்று சுமார் 120 கிலோவாட் எடுக்கிறது. அந்த வெப்பத்தைக் காற்றால் தூக்கவே முடியாது. எப்படியும் குழாய் போடப்போகிறோம். அந்தக் குழாயில் 20 டிகிரி நீரா, 40 டிகிரி நீரா என்பதை வரைபட மேசையிலேயே முடிவுசெய்ய வேண்டும். கட்டிய பிறகு மாற்றுவது அரிது.

5. அளவுகோல் காட்டாதது

இனி கட்டடத்தை விட்டுச் சர்வருக்குள் போவோம். கூகுளின் லூயிஸ் பரோசோவும் உர்ஸ் ஹோல்சலும் 2007-இல் எழுதிய கட்டுரை இத்துறையில் மிகப் புகழ்பெற்றது. ஆயிரக்கணக்கான சர்வர்களை அளந்து அவர்கள் கண்டது இது: பெரும்பாலான நேரம் அவை தம் திறனில் 10 முதல் 50 சதவீதத்துக்குள்தான் வேலை செய்கின்றன, ஆனால் சும்மா இருக்கும் சர்வரும் உச்ச மின்சாரத்தில் ஏறத்தாழ பாதியை எடுத்துக்கொள்கிறது. நான்கு பயணிகளோடு ஓடும் பேருந்துக்கும் டீசல் ஏறக்குறைய அதே அளவுதானே செலவாகிறது.

ஒரு சிறு கணக்கு போடுவோம். உச்சத்தில் 500 வாட், சும்மா இருக்கும்போது 250 வாட் எடுக்கும் சர்வர்கள் பத்து. ஒவ்வொன்றும் பத்துச் சதவீத வேலை செய்கிறது. மொத்தம் 2,750 வாட். அதே வேலையை இரண்டே சர்வர்களுக்கு ஐம்பது சதவீதமாகக் கொடுத்து, மற்ற எட்டையும் அணைத்துவிட்டால் 750 வாட். நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கு மிச்சம். எந்த ஏசியைத் திருத்தியும் இந்த அளவு மிச்சம் கிடைக்காது. 2010-களில் உலகத்தின் மின்செலவு ஏறாமல் நின்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம்: அலுவலக மாடிகளில் தனித்தனியாகத் தூங்கிக்கொண்டிருந்த சர்வர்களின் வேலை, பெரிய மையங்களில் மெய்நிகர் சர்வர்களாக ஒன்றுசேர்க்கப்பட்டது. தூங்குபவை இன்னும் தீரவில்லை. 2015-இல் கூமியும் ஜோன் டெய்லரும் வெளியிட்ட ஆய்வில், பார்த்த சர்வர்களில் சுமார் 30 சதவீதம் ஆறு மாதங்களுக்கு மேல் எந்த உருப்படியான வேலையும் செய்யாமல் மின்சாரம் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தன.

இப்போது பி.யூ.இ. என்ன சொல்கிறது என்று பாருங்கள். சர்வர்கள் 1,000 கிலோவாட், கட்டடம் 400 கிலோவாட் என்றால் பி.யூ.இ. 1.4. தூங்கும் சர்வர்களை அணைத்து 700 கிலோவாட் ஆக்குகிறீர்கள். கட்டடத்தின் செலவில் ஒரு பகுதி நிலையானது என்பதால் அது 330-க்குத்தான் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,400-இலிருந்து 1,030 ஆகிவிட்டது, பி.யூ.இ.யோ 1.47 என்று ஏறிவிட்டது. நல்ல வேலை செய்தவருக்கு மதிப்பெண் குறைகிறது. மறுபக்கம், அறை வெப்பத்தை அளவுக்கு மீறி உயர்த்தினால் சர்வருக்குள் இருக்கும் சிறு விசிறிகள் வேகமாகச் சுழன்று கூடுதல் மின்சாரம் எடுக்கும். அந்த மின்சாரம் 'கணினிக் கருவி' கணக்கில் சேர்வதால் பி.யூ.இ. அழகாகத் தெரியும், மின்கட்டணமோ ஏறலாம். பி.யூ.இ. பயனற்றது என்று நான் சொல்லவில்லை. கட்டடத்தை அளக்கப் பிறந்த எண்ணை வேலையை அளக்கப் பயன்படுத்துகிறோம், பிழை அங்கேதான்.

6. ஒரு தமிழ் வாக்கியத்தின் செலவு

வேலையை அளப்பது என்றால் என்ன என்பதற்குத் தமிழிலிருந்தே ஒரு சான்று. செயற்கை நுண்ணறிவின் மொழி மாதிரிகள் நாம் தட்டச்சு செய்வதை முதலில் 'டோக்கன்' என்ற துண்டுகளாக வெட்டிக்கொள்கின்றன. கணிப்பு வேலை துண்டுகளின் எண்ணிக்கையோடு கூடும்; மின்சாரமும் கூடும். ஓப்பன்-ஏஐ நிறுவனம் 2024 மே மாதம் ஜி.பி.டி.-4ஓ மாதிரியை வெளியிட்டபோது ஓர் ஒப்பீட்டைக் காட்டியது. தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஒரே சிறு பகுதி, பழைய முறையில் ஆங்கிலத்தில் 27 துண்டுகள். தமிழில் 116 துண்டுகள். புதிய முறையில் ஆங்கிலம் 24, தமிழ் 35.

இதன் பொருளை யோசியுங்கள். ஆங்கிலத்தில் எழுதுபவருக்குச் செய்ததைப் போல நான்கு மடங்குக்கும் மேலான துண்டுகளை, தமிழில் எழுதியவருக்காக அந்த இயந்திரங்கள் அரைத்துக்கொண்டிருந்தன. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துத் தயாரித்த துண்டுப் பட்டியல்தான் காரணம். பட்டியலைத் திருத்தியதும் தமிழின் சுமை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. இதற்காக ஓர் ஏசியும் மாற்றப்படவில்லை. ஒரு விசிறியும் மெதுவாக்கப்படவில்லை. எந்த மையத்தின் பி.யூ.இ.யும் இதனால் மாறியிருக்காது. தமிழில் கணிமை ஆய்வு செய்யும் மாணவர்கள் தங்கள் பணியை மொழித்தொண்டு என்று மட்டும் நினைக்க வேண்டாம், அது மின்சிக்கனமும்தான்.

7. சிக்கனம் மட்டும் போதுமா?

நீராவி எந்திரங்கள் சிக்கனமாக ஆக ஆக, நிலக்கரிச் செலவு குறையாமல் கூடியது என்று வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865-இல் எழுதினார். மலிவானது பெருகும். மொழி மாதிரியின் ஒரு பதிலுக்கு ஆகும் மின்சாரம் குறைந்தால், கேட்காத இடத்திலெல்லாம் அதைச் செருகத் தோன்றும்; இப்போது அதைத்தான் பார்க்கிறோம். 2018 வரை சிக்கனம் வளர்ச்சியோடு ஈடுகொடுத்து ஓடியது. எளிய மிச்சங்கள் தீர்ந்த நேரத்தில் செயற்கை நுண்ணறிவு வந்தது. அதனால்தான் பொறியியல் சிக்கனத்தோடு மொத்த அளவுக்கும் ஒரு வரம்பு வேண்டியிருக்கிறது. சிங்கப்பூர் அதைத் தயங்காமல் செய்தது. ஜெர்மனி 2023-இல் இயற்றிய சட்டம், 2026 ஜூலை முதல் இயங்கத் தொடங்கும் மையங்கள் பி.யூ.இ. 1.2-ஐ எட்ட வேண்டும் என்று விதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 500 கிலோவாட்டுக்கு மேற்பட்ட மையங்கள் தங்கள் மின்செலவையும் நீர்ச்செலவையும் ஆண்டுதோறும் தெரிவிக்கச் சொல்கிறது.

8. நாம் கேட்க வேண்டியவை

முடிவாக மூன்று கோரிக்கைகள்.

அரசுக்கு: நிலமும் சலுகையும் பெற்று வரும் ஒவ்வொரு தரவு மையமும், ஆண்டுக்கு எத்தனை யூனிட், எத்தனை லிட்டர் என்பதை மக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும். பி.யூ.இ. மட்டும் சொன்னால் போதாது. சர்வர்கள் சராசரியாக எவ்வளவு சதவீதம் வேலை செய்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

மையங்களைக் கட்டுவோருக்கு: இந்த மண்ணின் வெயிலுக்கு ஏற்பக் கட்டுங்கள். குளிர் நாட்டு வரைபடத்தைக் கொண்டுவந்து, அதன் குறையை ஏசியாலும் லாரித் தண்ணீராலும் ஈடுகட்ட வேண்டாம். வெந்நீர்க் குளிர்விப்புக்கான குழாயை முதல் நாளே போடுங்கள்.

மாணவர்களுக்கு: நாளை உங்களில் பலர் நிரல் எழுதப் போகிறீர்கள். திட்டம் முடிந்தபின் அதன் சர்வரை அணைப்பதும், தேவையில்லாத வேலையை இயந்திரத்துக்குக் கொடுக்காமல் இருப்பதும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. நேர்காணலுக்குப் போகும் நிறுவனத்தில் பி.யூ.இ. எவ்வளவு என்று கேளுங்கள். பதில் உடனே வரும். அடுத்து, உங்கள் சர்வர்களில் எத்தனை இப்போது உண்மையில் வேலை செய்கின்றன என்று கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விக்கும் பதில் வைத்திருக்கும் நிறுவனமே மின்சிக்கனத்தில் அக்கறை உள்ள நிறுவனம்.